திருவிழாக் கணக்கும் மழைக் கணக்கும்

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

பங்குப்பேரவையில் சுற்றுச்சூழல் குழுவை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அம்மா சொன்னாள். இந்த மாதிரிக் குழுக்களுக்கு வழக்கமாக என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டே இறங்கு. உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று மரக்கன்று நடுவார்கள், படம் எடுப்பார்கள், மறைமாவட்ட இதழில் செய்தி வரும். ஆகஸ்டில் அந்தக் கன்று காய்ந்த குச்சியாக நிற்கும். சென்னையில் ஜூன் மாதம் கன்று நட ஏற்ற காலமே இல்லை என்பதை அங்கே யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

நீ புதிதாக எந்த விழாவும் வைக்க வேண்டாம். பங்கில் ஏற்கெனவே நடக்கிற வேலைகளுக்குள் புகுந்துகொள். கோயில் வேலைகளைக் கவனிக்கிற கோயில்பிள்ளை, பாத்திர அறைச் சாவி வைத்திருப்பவர், திருவிழாச் சமையல்காரர், கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் ஆகிய நால்வரிடமும் முதலில் பேசு. பேரவைத் தீர்மானம் எல்லாம் அதற்குப் பிறகுதான். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலை மைக்கில் முழுக்க வாசித்தால் மக்கள் தூங்கிவிடுவார்கள். அதன் 211-ஆம் பத்தியை மட்டும் ஒரு அட்டையில் எழுதி மண்டபத்து அடுக்களைக் கதவில் ஒட்டு. பிளாஸ்டிக்கையும் காகிதத்தையும் தவிர்ப்பது, தண்ணீர்ச் செலவைக் குறைப்பது, குப்பையைப் பிரிப்பது, சாப்பிட முடிகிற அளவுக்கு மட்டும் சமைப்பது, மரம் நடுவது, வேண்டாத விளக்கை அணைப்பது என்று எல்லாமே கையால் செய்கிற காரியங்கள்தான் அதில் இருக்கின்றன.

உங்கள் பங்கில் மாதா திருவிழா ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தில் தொடங்கி செப்டம்பர் 8 வரை நடக்கிறது. இயற்கையைப் பேணுவதற்காகத் திருச்சபை ஒதுக்கியிருக்கிற படைப்பின் காலம் செப்டம்பர் 1 முதல் அசிசி பிரான்சிஸ் திருநாளான அக்டோபர் 4 வரை. அது முடிந்த கையோடு வடகிழக்குப் பருவமழை, நவம்பர் 2-ல் கல்லறைத் திருநாள், டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடில். உன் வேலைகளும் இந்த வரிசையில்தான் வரும்.

முதலில் திருவிழா விருந்து. குப்பையில் பெரும்பங்கு அந்த ஒரு நாளில் சேருவது. பேப்பர் கப் நல்லது என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். உள்பக்கத்தை நகத்தால் கீறிக் காட்டு, மெல்லிய பிளாஸ்டிக் தோல் உரியும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பை, தட்டு, தண்ணீர்ப் பாக்கெட், ஏன், தெருவெல்லாம் கட்டுகிற பிளாஸ்டிக் கொடிகூட உண்டு. இதைச் சொன்னால் பேரவையில் பாதி வாதம் அடங்கிவிடும்.

பாதிதான். “டம்ளரை யார் கழுவுவது?” என்று அடுத்த கேள்வி வரும். ஆயிரம் பேர் என்றால் 250 பேர் வீதம் நாலு பந்தி. வாடகைப் பாத்திரக் கடையில் 500 எவர்சில்வர் டம்ளர் எடு. ஒரு செட் பந்தியில் இருக்கும்போது இன்னொரு செட் கழுவிக் காயும். 250 மட்டும் எடுத்தால் இரண்டாம் பந்தி டம்ளருக்காகக் காத்து நிற்கும், யாராவது கடைக்கு ஓடி பிளாஸ்டிக் டம்ளர் வாங்கி வந்துவிடுவார்கள். பெரும்பாலும் ஏற்பாடு உடைவது இந்த இடத்தில்தான். கழுவுவதற்கு 100 லிட்டர் பிடிக்கிற மூன்று தொட்டி போதும். முதலாவதில் சோப்புத் தண்ணீர், இரண்டாவதில் நல்ல தண்ணீர், மூன்றாவதில் கை பொறுக்கிற அளவு வெந்நீர். வெந்நீரில் எண்ணெய் மிதக்கத் தொடங்கினால் உடனே மாற்றச் சொல். தொட்டிக்கு இருவராக ஆறு பேர், பந்திக்குப் பந்தி வேறு அன்பியம், அதாவது பங்கின் வேறொரு குடும்பக் குழு. ஒரே அன்பியத்தை நாலு பந்திக்கும் நிறுத்தினால் அடுத்த வருஷம் ஒருவரும் வரமாட்டார்கள்.

தேர்ப்பவனியில் தண்ணீர் கொடுக்க இவ்வளவுகூட வேண்டாம். தெருமுனையில் குழாய் வைத்த எவர்சில்வர் டிரம், சங்கிலியில் கட்டிய நாலு டம்ளர், கூடவே அன்பியத்திலிருந்து ஒருவர். அண்ணாந்து குடிக்கத் தெரிந்த ஊரில் பாட்டில் எதற்கு?

அடுத்தது சோறு. பிரியாணி என்றால் ஒரு கிலோ அரிசி எட்டு முதல் பத்துப் பேருக்கு வரும். சமையல்காரர் தன் பெயர் கெடக்கூடாது என்று கூடுதலாகத்தான் சொல்வார், அவரைக் குறை சொல்ல முடியாது. அன்பியத் தலைவர்கள் மூலம் மூன்று நாள் முன்பே டோக்கன் கொடுத்து எண்ணிக்கையை அவர் கையில் கொடு. டோக்கன் இல்லாமல் வருகிறவர்களுக்கென்று நூற்றுக்குப் பத்து சேர்த்துக்கொள். மாதா கோயில் விருந்துக்கு வந்தவரை டோக்கன் கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது. அண்டாக்களை ஒரே நேரத்தில் திறக்க விடாதே. திறக்காத அண்டா சூடு தாங்கும், வேண்டிய இடத்துக்கு அப்படியே தூக்கிக்கொண்டும் போகலாம். மிஞ்சும் என்று தோன்றினால் மூன்றாம் பந்தியிலேயே முடிவெடுத்து ஏழைகளுக்கு உதவுகிற வின்சென்ட் தே பால் சபைக்காரர்களிடம் சொல்லிவிடு. திறந்த சோறு வெளியே நாலு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் அதில் வளரும் கிருமியின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. மாலையில் கொண்டுபோய்க் கொடுத்தால் தர்மம் வாந்திபேதியில் முடியும்.

வாழை இலையை லாரியில் ஏற்றாதே, வளாகத்திலேயே உரமாகும். வெல்டுமெஷ் வலையை 3.2 மீட்டர் நீளத்துக்கு வெட்டி வளைத்துக் கட்டினால் ஒரு மீட்டர் அகலக் கூண்டு கிடைக்கும். உயரமும் ஒரு மீட்டர் இருக்கட்டும், அதைவிடச் சின்னதென்றால் உள்ளே சூடு ஏறாது. ஆயிரம் இலைக்கு இரண்டு மூன்று கூண்டு வேண்டியிருக்கும். இலையை முழுசாகப் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்காகிக் காற்றை அடைத்துவிடும், மூன்றாம் நாளே நாற்றம் எடுக்கும். அரிவாள்மனையில் நாலு துண்டாக நறுக்கச் சொல். ஒரு கூடை இலைக்கு இரண்டு கூடை சருகு, மேலே ஒரு வாளி சாணிக் கரைசல். சருகுக்கு இப்போதிருந்தே வழி செய்ய வேண்டும். பெருக்குகிற அம்மா தினமும் கொளுத்துகிறாரே, அதை நிறுத்தி சாக்கில் கட்டி வைக்கச் சொல். திருவிழாவுக்குள் பத்துப் பதினைந்து மூட்டை சேரும். எலும்புக்கு வாசலிலேயே தனி வாளி வை. கூண்டுக்குள் போனால் நாய் வலையைப் பிரித்துவிடும். வாரம் ஒருமுறை கிளறினால் இரண்டரை மூன்று மாதத்தில் உரம் ரெடி. நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், சருகு சேர். சூடே இல்லையென்றால் காய்ந்து கிடக்கிறது, தண்ணீர் தெளி.

பீடத்துப் பூவும் அதே கூண்டுக்குப் போகலாம், ஆனால் மாலையில் நைலான் நூலும் ஜிகினாவும் இருக்கும், அதைப் பிரித்தெடுக்க வேண்டும். வாழைநாரில் கட்டித் தரச் சொல்லிப் பூக்கடைக்காரரிடம் முன்பே சொல்லிவிட்டால் அந்த வேலையே இல்லை. பூங்கொத்து குத்துகிற பச்சை ஸ்பாஞ்சை மட்டும் உள்ளே விடாதே. அது மக்காது, விரலால் அழுத்தினாலே பொடியாகி மண்ணில் கலந்துவிடும். கோழிவலையைப் பந்தாகச் சுருட்டித் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்துக்குள் வைத்தால் பூ நன்றாகவே நிற்கும்.

நவநாள் உபயதாரர்களின் ஃபிளெக்ஸ் சங்கடமான விஷயம். படம் போடாதே என்று சொன்னால் வருத்தப்படுவார்கள், அடுத்த வருஷம் உபயம் குறையும் என்று நிதிக்குழு பயப்படும். வாசலில் ஒரே ஒரு நிரந்தர மரப்பலகை வைத்து, அன்றன்றைய உபயதாரர் பெயரைச் சாக்கட்டியால் நல்ல கையெழுத்துக்காரர் ஒருவரை எழுதச் சொல். பூசையில் பெயர் சொல்லி மன்றாடுங்கள் என்று பங்குத்தந்தையிடமும் கேட்டுக்கொள். ஃபிளெக்ஸைவிட அது அவர்களுக்குப் பெரிது.

திருவிழா முடிந்ததும் மழைநீரில் இறங்கு. கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். கோயில் கூரை 30 மீட்டருக்கு 15 மீட்டர் என்றால் 450 சதுர மீட்டர். சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. சிதறலும் ஆவியும் போக நூற்றுக்கு எண்பது என்று வைத்தாலும் ஐந்து லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 42 லோடு. நிதிக்குழுவிடம் இந்த 42-ஐ மட்டும் சொல், மற்றது தேவையில்லை.

தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதால் உங்கள் கோயிலிலும் குழாயும் குழியும் இருக்கும். வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. மணிக்கு 100 மில்லிமீட்டர் கொட்டுகிற மழையில் ஒரு 4 அங்குலக் குழாய் சுமார் 85 சதுர மீட்டர் கூரைத் தண்ணீரைத்தான் இறக்கும். 450-க்கு ஆறு குழாய் வேண்டும், பக்கத்துக்கு மூன்று. பல கோயில்களில் பக்கத்துக்கு ஒன்றுதான் இருக்கும். மீதித் தண்ணீர் சுவரில் வழிந்து ஜன்னல் கண்ணாடி ஓரமாக உள்ளே இறங்கும், ‘கூரை ஒழுகுகிறது’ என்று சொல்லி ஓட்டைத் தேடிக்கொண்டிருப்பார்கள். குழாய் இருந்தாலும் மணிக்கூண்டுப் புறாக்களின் எச்சமும் சிறகும் வாயை அடைத்திருக்கும். செப்டம்பர் கடைசி வாரம் ஆளை ஏற்றிச் சுத்தம் செய்து, குழாய் வாய்களில் வலைக்கூடை போடு. ஏறுகிறவருக்கு இடுப்புக்கயிறு கட்டாயம்.

குழியைத் திறந்து பார். மேலே இருக்கிற மணல் சேற்றுப் படலமாக இறுகியிருந்தால் தண்ணீர் இறங்காது. மேல் மூன்று அங்குலத்தை அள்ளிப் புது ஆற்றுமணலோ கழுவிய எம்-சாண்டோ போடு. நிரம்பினால் வெளியேற வழி இருக்கிறதா என்றும் பார். அப்புறம் ஒரு சோதனை: பக்கத்தில் ஒரு அடிக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பு, மறுநாள் காலையிலும் நின்றால் அடியில் களிமண். அப்படியானால் குழிக்கு நடுவே மணல் அடுக்கு வரைக்கும் 6 அங்குலத் துளை போட்டு, துளையிட்ட பி.வி.சி. குழாய் இறக்க வேண்டும். மண்டபத்துக் கைகழுவும் தண்ணீரை இந்தக் குழியில் விட்டிருந்தால் உடனே துண்டி. கிணறு கெடும்.

மரக்கன்றுக்குக் குழியும் செப்டம்பரில் வெட்டலாம். மூன்று அடிக்கு மூன்று அடி வெட்டி ஆறப்போட்டு, முதல் நல்ல மழைக்குப் பிறகு நடு. புங்கன், வேம்பு, நாவல், மகிழம், கடலோரம் என்றால் புன்னை, பூவரசு. கோனோகார்பஸ் வேண்டவே வேண்டாம். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது குல்மோகர் எப்படிச் சாய்ந்தது என்று அங்கே பழைய ஆட்களைக் கேள். எத்தனை கன்றுக்கு இரண்டு கோடையும் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறதோ அத்தனைதான் நட வேண்டும். முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று என்று பிரித்துவிடு, அதுகள் மறக்காது.

நவம்பர் 2 மழைக்கு நடுவில் வரும். பிளாஸ்டிக் பூவும் பாலிதீன் சுற்றிய மாலையும் கல்லறைத் தோட்டத்து வடிகாலை அடைக்கும், அது ஒரு பக்கம். பலர் கவனிக்காதது கல்லறை மேல் பதித்த பூச்சாடி. தேங்குகிற தண்ணீரில் டெங்கு கொசு எட்டுப் பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கிற அளவுக்கு வந்துவிடும். ஒவ்வொரு சாடியிலும் விளிம்பு வரை மணல் நிரப்பி நனைத்துவிடு. பூவும் நிற்கும், மெழுகுதிரியும் நிற்கும். வாசலில் இரண்டு கூடை வைத்து, உள்ளே போகும்போதே பாலிதீனைப் பிரித்துப் போடச் சொல். வெளியே வரும்போது சொன்னால் யாரும் திரும்பிப் போய் எடுக்க மாட்டார்கள். எரிந்து மிஞ்சிய மெழுகை இளைஞர்கள் உருக்கித் திரும்ப வார்ப்பதாக இருந்தால் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்துத்தான் உருக்க வேண்டும், நேரடித் தீயில் வைத்தால் பற்றிக்கொள்ளும். துணியில் வடிகட்டாவிட்டால் திரி பொரியும்.

குடிலுக்குத் தெர்மாகோல் கேட்பார்கள். அலங்காரத் தெர்மாகோலை 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்திருக்கிறார்கள். பழைய சாக்கைக் களிமண் கரைசலில் முக்கிப் போர்த்தினால் பாறை, டிசம்பர் 14 வாக்கில் ஊறவைத்த கேழ்வரகைத் தூவினால் 24-க்குள் புல்.

சோலாரை இப்போதைக்குத் தொடாதே. கோயிலில் மின்சாரம் அதிகம் ஓடுவது ஞாயிறு காலையும் மாலைப் பூசைகளும்தான். பகல் முழுக்க ஓடுவது பக்கத்துப் பங்குப் பள்ளி. போடுவதாக இருந்தால் அந்தக் கூரையில் போட வேண்டும், அதற்கு முன் 75 வாட் பழைய மின்விசிறிகளை 30 வாட் வகைக்கு மாற்றினால் சோலார் பலகையின் அளவே குறையும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிற கரண்ட் பில், போன வருஷத்து ஆறும் கோயிலுக்கும் பள்ளிக்கும் தனித்தனியாக எனக்கு அனுப்பு. கணக்குப் போட்டுத் தருகிறேன்.

குருத்தோலை ஞாயிறுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இப்போதைக்குச் சருகை மட்டும் சாக்கில் பிடிக்கத் தொடங்கு. பேரப்பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா