அம்மாவுக்கு, சுவிஸ் நாட்டுச் சியோனிலிருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று கிழமை. ஒவ்வொரு இரவும் எழுத உட்காருவேன், விரல் மடங்காது, படுத்துவிடுவேன். கோபிக்க வேண்டாம். இன்று மழை, பழம் வெட்டு இல்லை. போனில் எவ்வளவு கதைத்தும் நான் என்ன வேலை செய்கிறேன் என்று விளங்கவில்லை, ஆறுதலாக எழுது என்று கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன்.

கீழே ரோன் ஆறு. அதற்கு மேல் மலையைக் கோவில் கேணிப் படிகள் மாதிரி வெட்டி, படிக்குப் படி கல் அடுக்கி, மண் நிரப்பி, வைன் செய்ய முந்திரிகைக் கொடி நட்டிருக்கிறார்கள். சில படியில் மூன்று வரிசைக் கொடிதான் நிற்கும். மெஷின் ஏறாது. மருந்தடிக்க ஹெலிகொப்டர் வரும், பழப்பெட்டி இறக்க ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு சின்ன வண்டி ஓடும். மிச்சமெல்லாம் கையும் காலும்தான்.

அந்தச் சுவர்களில் சீமெந்தே இல்லை. அம்மப்பாவின் நெடுந்தீவுக் கல்வேலி மாதிரி, கல்லுக்குக் கல் தாங்கி நிற்கிறது. போன மாரியில் ஒன்று வயிறு தள்ளிச் சரிந்தது. கல்லின் நீளப்பக்கத்தை உள்ளே விட்டு, இடுக்கில் சல்லி வைத்து இறுக்கி நான் திரும்ப அடுக்கினேன். முதலாளி கையால் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. அன்றிலிருந்து சுவர் வேலை எல்லாம் என்னிடம்தான். அம்மப்பா பழக்கிய கை, அம்மா.

கீழ் வீட்டுக் கிழவியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், என் சப்பாத்துச் சேற்றுக்காகப் படியெல்லாம் பேப்பர் விரித்து வைப்பாவே, அவதான். சின்னக்காவின் பிள்ளை படத்தை அவவிடம் காட்டினேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போனா. ஒரு போத்தலோடு வந்து, “இது தாய்க்கு” என்று கையில் வைத்தா. உமாஞ் பிளாங்ஷ் என்ற வெள்ளை வைன். இந்த வலே மாநிலத்தில் பிள்ளை பெற்றவளுக்குத் தெம்புக்கு இதைத்தான் கொடுப்பார்களாம். இரும்புச் சத்து கூட என்று அந்தக் காலத்தில் நம்பிக்கை. சோதித்துப் பார்த்ததில் மற்ற வைனைவிடக் கூட இல்லையாம், அவவுக்கு அது பெரிய விசயமில்லை. மல்லி, மிளகு, வேர்க்கொம்பு, உள்ளி எல்லாம் சேர்த்து நீங்கள் வைக்கும் சரக்குக்கறியை எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். இரண்டு தரம் திருப்பிக் கேட்டா.

அந்த உமாஞ் கொடி முதலாளியிடமும் இரண்டு படியில் இருக்கிறது. 1313இல் எழுதிய ஏட்டிலேயே அதன் பெயர் இருக்கிறதாம், இந்த மண்ணின் பழைய கொடி. பழம் பிந்திப் பழுக்கும், ஒரு வருஷம் காய்த்தால் மறு வருஷம் ஏமாற்றிவிடும். 1850 வாக்கில் நிறையக் காய்க்கிற ஷாஸ்லா என்ற கொடி வந்ததும் சனம் அதன் பக்கம் போய்விட்டது. பிறகு ஃபிலொக்செரா என்ற வேர்ப்பூச்சி வந்து கொடிகள் செத்தன. திரும்ப நட்டவர்கள் இதை நடவில்லை. அங்கொன்று இங்கொன்றாக யாரோ பிடுங்க மனம் வராமல் விட்ட கொடிகளிலிருந்துதான் தடி வெட்டி இப்போது மறுபடி பெருக்குகிறார்கள். இன்னும் கொஞ்ச நிலம்தான். போன வருஷம் வெட்டு முடிந்த அன்று எல்லோருக்கும் ஊற்றினார்கள், நானும் ஒரு வாய் குடித்தேன், அப்பாவிடம் சொல்ல வேண்டாம். முதலில் மெல்லிய பூவாசம், விழுங்கிய பிறகு லேசாகப் பிசின் மணம்.

கொடிகளுக்குத் தண்ணீர் வருவது 1453இல் வெட்டிய வாய்க்காலால். ஆடி மாதம் ஒரு மத்தியானம் அதன் கரையில் பாண் தின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் சத்தம் அப்படியே நம் வெங்காயத் தறை வாய்க்கால் சத்தம். அப்பா “தண்ணி மாறு தம்பி” என்று கூப்பிட்ட மாதிரி இருந்தது. பாணோடு எழும்பி நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்தவன் என்ன என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பாண் இறங்கவில்லை, அம்மா.

சரி, அதை விடுங்கோ. குளிர்ச்சட்டை வாங்கினாயா என்று கேட்டீர்கள். பழையது இன்னும் நல்ல சூடு, ஏன் வீண் செலவு. இந்த மாதக் காசு கொஞ்சம் பிந்தும். வெட்டு முடிந்துதான் கணக்குப் பார்ப்பார்கள், வேறொன்றுமில்லை. பிள்ளையின் முப்பத்தொன்றுக்கு முன் எப்படியும் வரும். ஐயருக்குச் சொல்லிவிட்டீர்களா?

அப்பா முந்திரிகைப் பந்தலைப் பிடுங்கிவிட்டுக் காணியைக் கொடுக்கப் போகிறார் என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கோ. தூண் உடைந்த இடத்தில் இப்போதைக்குப் பனங்குற்றி முண்டு கொடுக்கலாம். காய்க்கவில்லை என்றால் கொடியை நன்றாகக் கத்தரித்து விடட்டும். ஆள் பிடிக்கிற கூலி நான் அனுப்புகிறேன். கிணற்றடியில் நிற்கிற பழைய கொடியை மட்டும் யாரும் தொடக்கூடாது. காணி உறுதியைச் சின்னமாமாவிடம் கொடுக்க வேண்டாம், உங்கள் பெட்டகத்திலேயே வையுங்கோ. தங்கச்சியின் காரியத்தைத் தையில் நான் வந்து நேரில் கதைக்கிறேன்.

கிழவி தந்த போத்தல் யன்னலில் திறக்காமல் இருக்கிறது. சின்னக்காவிடம் சொல்லுங்கோ.

உங்கள் அன்பு மகன்