டைப் ஆர் என்று விற்ற என்ஜின் பற்றிய முறைப்பாடு

கல்லடி,
மட்டக்களப்பு.
2025.03.12

விற்பனை முகாமையாளர் அவர்கட்கு,

ஐயா,

பெப்ரவரி 10ஆந் திகதி உங்கள் பற்றுச்சீட்டில் "ஹொண்டா கே20ஏ டைப் ஆர், 6 கியர்பொக்ஸ், ஈசியூ, வயரிங் முழு செட்" என்று எழுதி என்னிடம் ரூபா 980,000 வாங்கினீர்கள். கியர்பொக்ஸ் சொன்னபடியே வந்தது, அதில் எனக்குக் குறையில்லை. என்ஜின்தான் டைப் ஆர் இல்லை, அதாவது ஹொண்டாவின் அதிக வலுவுள்ள ஸ்போர்ட்ஸ் வகை இல்லை.

லொறியிலிருந்து இறக்கும்போது டைப் ஆரின் அடையாளமான சிவப்பு டெபட் கவரை (என்ஜினின் மேல்மூடி) கண்டு கராஜில் நின்ற பொடியன்கள் எல்லாம் போட்டோ எடுத்தார்கள். நானும் எடுத்தேன், மறைப்பானேன். ஸ்டார்ட் பண்ண முதல் வல்வ் இடைவெளி பார்ப்போம் என்று எங்கள் மெக்கானிக் அண்ணன் கவரைக் கழற்றினார். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜைக் கையில் எடுத்தவர் திரும்ப மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, இஞ்ச ஒருக்கா வந்து பாருங்க" என்றார்.

டைப் ஆர் என்றால், காற்றை உள்ளே விடும் வல்வைத் திறக்கும் இன்டேக் கேம் தண்டில் சிலிண்டருக்கு 3 லோப் (வல்வைத் தள்ளும் மேடு), புகையை வெளியே விடும் எக்ஸோஸ்ட் கேமிலும் 3 லோப் இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பியதில் எக்ஸோஸ்ட் பக்கம் எண்ணினால் இரண்டு இரண்டுதான். கழற்றிய கவரைத் திருப்பிப் பார்த்தோம். போல்ட் தலையிலும், அதன் கீழே இருக்கும் ரப்பர் வாஷரிலும் அதே சிவப்பு. நகத்தால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம். கவரைக் கழற்றாமலே ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள்.

போனில் உங்கள் ஊழியர், "பிளொக்கில் கே20ஏ என்று அடித்திருக்குத்தானே, பிறகென்ன?" என்று கேட்டார். ஜப்பானில் ஸ்ட்ரீம், ஸ்டெப்வேகன் போன்ற குடும்ப வாகனங்களின் 2 லீற்றர் என்ஜினிலும் கே20ஏ என்றுதான் இருக்கும். 2001இல் வந்த இன்டெக்ரா டைப் ஆர் என்ஜின் 220 குதிரைவலு, சாதாரண கே20ஏ சுமார் 160. பிளொக்கில் உள்ள எழுத்தைக் காட்டி 60 குதிரையை மறைக்கலாமா? ஹொண்டா விற்பதே தொழிலாக உள்ள உங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது என்று நான் நம்பவில்லை.

என்னுடைய வாகனம் 1998 சிவிக் ஈகே3. அதில் இருந்த டி15பி என்ஜினே 130 குதிரைவலு, செங்கலடியில் இருந்து பதுளை வீதியில் ஏறும்போது ஒருநாளும் கைவிட்டதில்லை. 130ஐ 160 ஆக்கவா நான் ஒன்றரை வருடம் காசு சேர்த்தேன்? கே என்ஜின் பழையதுக்கு எதிர்ப்பக்கம் சுற்றும், எக்ஸோஸ்டும் முன்னால் இல்லை, பின்சுவர்ப் பக்கம். அதனால் மவுண்ட், டிரைவ் சாஃப்ட், சைலன்சர் குழாய் எல்லாமே புதிதாகச் செய்தோம். முன் பிரேக்கைப் பெரிதாக்கினோம். கேபிளால் இயங்கும் இந்தக் கியருக்காகத் தரைத் தகட்டையும் வெட்டியாயிற்று. வெட்டிய தகட்டை எப்படித் திரும்ப முளைக்க வைப்பது?

தருவதாகச் சொன்ன சுங்கப் பத்திரப் பிரதியும் இன்னும் வரவில்லை. புதிய என்ஜின் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தில் மாற்ற மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போனால், இந்த என்ஜின் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். அங்கே உங்கள் வட்ஸ்அப் மெசேஜைக் காட்டி நிற்க முடியாது.

"ஸ்டார்ட் பண்ணினால் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று என்ஜினில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்கள். இதை நாங்கள் ஸ்டார்ட் பண்ணவே இல்லை. ஓயில்கூட ஊற்றவில்லை.

ஆகவே இக்கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் டைப் ஆர் என்ஜினைச் சுங்கப் பத்திரத்தோடு அனுப்புங்கள். அனுப்புமுன் கவரைத் திறந்து இரண்டு கேமும் தெரிய வீடியோ எடுத்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் 980,000 ரூபாவையும் லொறிக் கூலி 38,000 ரூபாவையும் திருப்பித் தாருங்கள், செட் முழுவதையும் ஒப்படைக்கிறேன். "பத்தாயிரம் குறைத்துத் தருகிறோம், வைத்துக்கொள்ளுங்கள்" என்ற பேச்சு இனி வேண்டாம். பதில் வராவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு செய்வேன். பற்றுச்சீட்டு, கேம், வாஷர் ஆகியவற்றின் போட்டோக்கள் இத்துடன் உள்ளன.

என்ஜின் கராஜில் தறப்பாளால் மூடி வைத்திருக்கிறது. கடல் காற்றில் அதிக நாள் தாங்காது. எடுக்க வருவதென்றால் லொறியை நீங்களே அனுப்புங்கள். ஞாயிறு கராஜ் பூட்டு.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
(கையொப்பம்)