நடத்த மனமில்லையென்றால் ரசிகர்களிடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லடியில் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட நாளில் கூட்டாளிமாரோடு தொடங்கிய ஒன்லைன் விளையாட்டொன்றை இன்றும் விளையாடுகிறேன். அவர்களில் பலர் இப்போது கனடாவிலும் கட்டாரிலும். நாங்கள் ஒன்றுகூடும் இடம் அதுதான்.

அதை வாங்கிய பெரிய கம்பனி கைகழுவிவிட்டது. விளையாட்டுக்குள் வரும் சந்தை வெளியில் மனிதரைவிட போட்கள்தான் (ஆள் இல்லாமல் தானாக விளையாடும் புரோகிராம்கள்) அதிகம்: ஒரே முகம், வாயில் நுழையாத எழுத்துக்கூட்டமாய்ப் பெயர், ஒரே தடத்தில் நடந்து தங்கம் அள்ளுகின்றன. முறைப்பாடு செய்தால் தானியங்கிப் பதிலோடு மூடிவிடுகிறார்கள். குகை வாசலில் ஆளை வெளியே தள்ளும் பிழை வருடக்கணக்காக அப்படியே கிடக்கிறது. காசுக்கு விற்கும் புது உடுப்பு மட்டும் மாதம் தவறாமல் வரும். இதுதான் ஆத்திரமூட்டுகிறது. ஆள் குறைந்துவிட்டது என்பார்கள், பராமரிக்காததால்தானே குறைந்தது?

2004இல் வந்த 'சிட்டி ஒஃப் ஹீரோஸ்' விளையாட்டை என்சிசொஃப்ட் கம்பனி 2012 நவம்பரில் மூடியது. பிறகு ரசிகர்களே சேர்வர் (விளையாட்டை இயக்கும் கொம்பியூட்டர்) போட்டு நடத்தினார்கள். 2024 ஜனவரியில் 'ஹோம்கமிங்' என்ற அந்த ரசிகர் குழுவுக்குக் கம்பனி முறைப்படி உரிமம் கொடுத்தது. எங்கள் விளையாட்டுக்கும் அதையே கேட்கிறோம். ரீலோட் காசை மிச்சம்பிடித்து அதில் செலவழிக்கும் பிள்ளைகள் இங்கேயும் இருப்பதால், உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் இதுபற்றி விரிவாக எழுத வேண்டும்.

வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு