ஒற்றை நாணயச் சாப்பாடு

அன்பு மகளுக்கு,

ஜப்பானில் மதியம் ஒரே ஒரு ஓனிகிரியோடு, அந்தச் சோற்று உருண்டையோடு, நிறுத்திக்கொள்கிறேன் என்று போன ஞாயிற்றுக்கிழமை போகிற போக்கில் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து மனம் ஆறவில்லை. பணத்தை மிச்சம் பிடி, வேண்டாம் என்று சொல்லவில்லை. வயிற்றில் பிடிக்காதே.

2003-இல் நான் டோக்கியோவுக்கு வேலைக்குப் போன புதிதில் இதே தப்பைத்தான் செய்தேன். பக்கத்து இருக்கைக்காரர் ஒருநாள் என் மேசையில் 500 யென் நாணயத்தை வைத்து, "வான்கொயின்" என்றார். ஒற்றை நாணயம். அந்த ஒரு காசுக்குள் முடிகிற மதியச் சாப்பாட்டுக்கு வான்கொயின் ராஞ்சி என்று பெயர். ‘ஒன் காயின் லஞ்ச்’ என்ற ஆங்கிலச் சொற்கள்தாம், ஜப்பானிய நாவில் புரண்டு அவர்களுடையதாகிவிட்டன. 500 யென் 1982-இல்தான் நாணயமாக வந்தது. அதற்கு முன் நோட்டு. நான் செலவழித்தது முழுக்க மஞ்சளாக இருக்கும். உன் கையில் இருப்பது நடுவில் வெள்ளி நிறமும் ஓரத்தில் மஞ்சளுமாக 2021-இல் வந்த புதியது.

அப்போது விலைவாசி இறங்குமுகம். இப்போது அரிசியே விலை ஏறிக் கிடக்கிறது, கடைக்காரர்களுக்கும் 500-க்குள் கட்டுப்படியாவதில்லை என்பது தெரியும். ஆனாலும் உன் பல்கலைக்கழகத்திலேயே காகுஷோகு இருக்கிறதே, மாணவர் உணவகம்! வெளிக்கடைகளை நம்பாமல் அங்கே போ. சோறு, புளித்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப், ஒரு கறி என்று தட்டு நிறையும். ஆய்வகத்தை விட்டு வர நேரமில்லாத நாளில் நோரிபென் என்ற பெட்டிச் சாப்பாடு வாங்கிக்கொள். சோற்றின் மேல் சோயாவில் பிரட்டிய மீன் சீவல், அதன்மேல் கடற்பாசித் தாள், ஓரமாக ஒரு பொரித்த மீன் துண்டு. மூடியைத் திறந்தால் ஆவியில் நனைந்த கடற்பாசி மூடியோடு ஒட்டிக்கொண்டு வரும். குச்சியால் மெல்ல உரித்துச் சோற்றின் மேல் திரும்பப் படுக்க வைப்பேன். மீன் இல்லாமல் சோறு இறங்காத உனக்கு அது பிடிக்கும்.

ஹினோமாரு பெந்தோ என்ற பெட்டிச் சாப்பாடு மட்டும் வேண்டாம். வெள்ளைச் சோற்றின் நடுவே உப்பில் ஊறிய சிவந்த உமே காய் ஒன்று, பார்க்க ஜப்பான் கொடி மாதிரியே இருக்கும். போர்க்காலத்தில் சிக்கனத்துக்காக மக்களைச் சாப்பிடச் சொன்ன சாப்பாடு அது. உனக்கு அந்த நெருக்கடி இல்லை.

அடுத்த மாதத்திலிருந்து பத்தாயிரம் யென் தனியாக அனுப்புகிறேன். இருபது நாணயம், இருபது மதியம். வேறு எதற்கும் அதைத் தொடாதே. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அந்த வாரம் சாப்பிட்டதை ஒவ்வொன்றாகச் சொல். அம்மாவும் பக்கத்தில் இருந்து கேட்பாள்.

அன்புடன்,
அப்பா