பவுலின் கப்பலும் உடைந்ததே

மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுத உட்கார்ந்தால் அண்ணன் வீட்டு நினைப்பு வந்து கை நின்றுவிடுகிறது. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரைக்கும், பாம்பனில் விசைப்படகெல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கிறது, நேரத்துக்குக் குறைவில்லை, அதனால் இன்றைக்கு எப்படியும் எழுதிவிடுகிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியேதான். சின்னவள் பத்தாவது பரீட்சை முடித்துவிட்டாள்.

போன வாடைக் காற்றில் அண்ணன் படகு நங்கூரக் கயிறு அறுந்து பாறையில் மோதி உடைந்ததை அப்போதே சொன்னேன் அல்லவா. ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கடன் மட்டும் நிற்கிறது. அப்புறம்தான் வெளியூரிலிருந்து பிரசங்கம் செய்கிற ஒரு ஊழியர் வந்தார். வீடு வீடாக ஜெபம். நல்ல குரல், பைபிளும் மனப்பாடம். அண்ணன் வீட்டில் உட்கார்ந்து, இந்த வீட்டில் மறைவான பாவம் ஒன்று இருக்கிறது, அதனால்தான் படகு போனது, விசுவாசத்தோடு காணிக்கை விதைத்தால் நூறு மடங்காகத் திரும்பும் என்று சொல்லியிருக்கிறார். அண்ணி கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்துவிட்டது. அண்ணன் யாரிடமும் பேசுவதில்லை. எந்தப் பாவம், எந்தப் பாவம் என்று தனக்குள்ளேயே தோண்டிக்கொண்டிருக்கிறான். சங்கிலி போனதைவிட எனக்கு இதுதான் தாங்கவில்லை.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, முதல் இரண்டு கூட்டத்துக்கு நானும் போனேன். கையில் காசில்லாத நேரத்தில் அந்தப் பேச்சு இனிக்கத்தான் செய்தது. மூன்றாம் நாள் ராத்திரி தூக்கம் வராமல் பைபிளில் அப்போஸ்தலர் பணி கடைசி இரண்டு அதிகாரங்களைத் திறந்தேன். பவுல் ரோமாபுரிக்குப் போகிற கப்பல், 276 பேர், பதினாலு நாள் புயல், பின்பக்கம் நாலு நங்கூரம் போட்டுவிட்டு எப்போது விடியும் என்று காத்திருந்தார்களே, அது. நம்ம ஆட்கள் வாசித்தால் ஒவ்வொரு வரியும் புரியும். உயிர்ச்சேதம் இருக்காது, கப்பல் மட்டும் போகும் என்று வானதூதர் சொன்னதாகப் பவுலே சொல்கிறார். கடவுள் கூடவே இருந்தார், கப்பலும் உடைந்தது, பலகையைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள். கரையேறின மால்த்தா தீவில் பவுல் கையைப் பாம்பு பிடித்ததும் அந்த ஊர்க்காரர்கள் என்ன சொன்னார்கள்? இவன் கொலைகாரனாகத்தான் இருக்கணும், கடலிலிருந்து தப்பியும் பழி விடவில்லை என்றார்கள். அந்த ஊழியர் அண்ணனிடம் சொன்னது அதேதான் மச்சான்! அவர்களாவது நற்செய்தி கேட்டிராதவர்கள். பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு இவர் எப்படி அதைச் சொல்லலாம்? பிறவியிலேயே பார்வை இல்லாதவனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று இயேசு சொல்லிவிட்டார். அதற்கு மேல் யார் வந்து திருத்துவது?

ஜெபத்தால் சுகம் கிடைக்காது என்று நான் சொல்லவே இல்லை. ஓரியூருக்கு நாம் சின்ன வயதில் பஸ்ஸில் போய் செம்மண்ணைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவருவோமே, அங்கே உயிர்விட்ட போர்ச்சுகல் குரு அருளானந்தர் கதையே சுகத்தில்தான் தொடங்குகிறது. படுக்கையில் கிடந்த மறவர் இளவரசர் தடியத்தேவர் தலைமாட்டில் ஒரு உபதேசியார் நற்செய்தி வாசித்து ஜெபித்தார், அவர் எழுந்துவிட்டார். யாரும் விதை கேட்கவில்லை. 1693 ஜனவரியில் அருளானந்தர் கையால் அவருக்கு ஞானஸ்நானம், ஒரு மனைவியோடு மட்டும் வாழ வேண்டும் என்ற நிபந்தனையோடு. தள்ளி வைக்கப்பட்ட மனைவிகளில் ஒருத்தி ராமநாதபுரம் ராஜா சேதுபதிக்கு உறவு, அங்கேதான் வினை வந்தது. பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் அருளானந்தர் தலை விழுந்தது. அதற்கு முன்பே ஒருமுறை மறவர் நாட்டில் அடிவாங்கி, நாட்டை விட்டு விரட்டப்பட்டு, லிஸ்பனுக்குப் போனவர். போர்ச்சுகல் அரண்மனையில் வளர்ந்த மனிதர், அந்த ஊர் ராஜா இருக்கச் சொல்லியும் நிற்காமல் திரும்பி வந்தார். நமக்கு விசுவாசத்தைக் கொண்டுவந்தவர்கள் கணக்கு இப்படி இருக்கிறது. நூறு மடங்கு கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

பங்கில் பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் இதை எழுந்து சொன்னேன். எனக்குப் பேச வராது, உனக்குத் தெரியும், கை நடுங்கியது. இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, கடனில் கிடக்கிறவனுக்கு நம்பிக்கையைக் காட்டினால் பிடித்துக்கொள்ளத்தான் செய்வான். ஃபாதர் வருகிற ஞாயிறு பூசைக்குப் பிறகு அந்த இரண்டு அதிகாரத்தையும் எல்லோரும் சேர்ந்து வாசிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

உன் பக்கத்து வீட்டுக்காரர் ஜெபத்தை நம்பி சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று எழுதியிருந்தாயே, அதை லேசாக விடாதே. வயிற்றுக்கு முடியாத தன் சீடர் திமொத்தேயுவுக்குக் கொஞ்சம் திராட்சை இரசம் குடி என்றுதான் பவுல் எழுதினார், உனக்கு விசுவாசம் குறைவு என்று எழுதவில்லை. சண்டை போடாமல் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லு, முடிந்தால் நீயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ.

அண்ணனுக்கு ஒரு போன் போடு மச்சான். நான் சொன்னால் தம்பிதானே என்று விட்டுவிடுகிறான், உன் பேச்சைக் கேட்பான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடற்கரையில் உடைந்த படகுப் பக்கம்தான் உட்கார்ந்திருப்பான், அப்போது கூப்பிடு.

உன்
பாம்பன் மச்சான்