அடுத்த புதனும் அதே இடத்தில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜனவரி 23 அன்று உங்கள் நாளிதழில் மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸ் பற்றிய நினைவுக் குறிப்பைப் படித்தேன். 1999இல் ஒடிசாவின் மனோகர்பூரில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த அவரையும் 10 வயது பிலிப்பையும் 6 வயது திமோத்தியையும் ஒரு கும்பல் எரித்துக் கொன்றதை எழுதியிருந்தீர்கள். வழக்கு நடந்ததும் தண்டனை குறைக்கப்பட்டதும் விவரமாக இருந்தன. ஆனால் அந்த மனிதர் 1965இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து 34 ஆண்டுகள் அதே ஒடிசாவின் பாரிபதாவில் என்ன செய்தார் என்பதற்கு ஒரே வரிதான்: 'தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்தவர்.' அந்த வரிக்குள் இருக்கும் வேலை எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

நான் செருப்பு தைப்பவன். சொந்த ஊர் வேலூர் பக்கம். 1978இல் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில் எம்.சி.ஆர். செருப்பு செய்யக் கற்றுக்கொண்டு, 1984இல் பெங்களூரு வந்தேன். எம்.சி.ஆர். என்பது நுண்ணறை ரப்பர், கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போய் மெதுவாகத் திரும்பும். அடியில் டயர் ரப்பர், மேலே இது, பின்னால் ஒரு வார். வாரில் பக்கிள் வைக்க மாட்டோம், மடங்கிய விரலால் மாட்ட முடியாது. ஆணி ஒன்றுகூட அடிக்கக் கூடாது. தேய்ந்து ஆணி மேலே வந்தால் அந்தக் காலுக்குத் தெரியாது. இந்த நோயில் விரல்கள் தானாக உதிர்வதில்லை. நரம்பு செத்து வலி போய்விடுகிறது. வலி இல்லாத காலைக் கல்லும் முள்ளும் சூடும் அரித்துத் தின்றுவிடுகின்றன. இதை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டிய டாக்டர் பால் பிராண்ட் நம் கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர்.

சிட்டி மார்க்கெட்டில் பூ விற்ற தர்மபுரிக்கார அம்மா ஒருவர் என்னிடம் அளவு கொடுக்க வந்தார். காலைத் தாளில் வைத்து பென்சிலால் சுற்றி வரைவேன். உள்ளங்காலின் பள்ளத்தில் பென்சில் பட்டால் யாருக்கும் கூசும், அவருக்குக் கூசவில்லை. பழைய செருப்பைக் கழற்றினால் உள்ளே ஒரு சேஃப்டி பின், திறந்தபடி. காலையிலிருந்து அதன் மேல்தான் நடந்திருக்கிறார். "ஐயோ, நேத்துலேர்ந்து இதைத்தான் தேடிட்டிருந்தேன்" என்றார். அந்தப் பின்னை எடுத்துத் துடைத்து மறுபடி சேலையில் குத்திக்கொண்டார்.

அந்த நாட்களில் மாகடி ரோட்டை ஒட்டிய ஒரு குடியிருப்பில் புதன்கிழமைதோறும் புண் கட்ட ஒரு கன்னியாஸ்திரி வருவார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நான் சி.எஸ்.ஐ. சபை, அவர் கத்தோலிக்கர். அந்த மரத்தடியில் அதைப் பற்றிப் பேச்சு வந்ததே இல்லை. ஒரு பெஞ்சு, இரண்டு அலுமினியப் பேசின், பச்சைத் தண்ணீர். வெந்நீர் ஆகாது, வெந்தாலும் தெரியாது. காலை அரைமணி ஊறவைத்து, காய்ப்பைச் சுரண்டி, எண்ணெய் தடவி, கட்டுப் போடுவார். புண்ணின் நாற்றம் முதல் மாதம் என்னைச் சாப்பிட விடவில்லை. சிஸ்டர் முகத்தில் துணி கட்டமாட்டார். கட்டினால் அவர்களுக்கு மனசு வலிக்கும் என்பார்.

1999 ஜனவரி 23 சனிக்கிழமை. திங்களன்று என் பட்டறைக்கு வந்த முதல் ஆள் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "நம்மள மாதிரி ஆளுங்களைப் பார்த்துக்கிட்டவரையா கொளுத்திட்டாங்க?" புதன்கிழமை போக வேண்டாம் என்று பலரும் சிஸ்டரிடம் சொன்னோம். நானும் சொன்னேன். "போன வாரம் கட்டின கட்டை யாரு பிரிப்பா?" என்று கேட்டுவிட்டு பேசினை எடுத்துக்கொண்டு ஆட்டோ ஏறினார்.

அந்த வருஷ மழைக்காலத்தில் எதிர்ப்பு எங்களுக்கும் வந்தது. எங்களால் அக்கம்பக்கத்துக் கடைக்கு ஆள் வருவதில்லை என்று ஆரம்பித்து, 'மதாந்தர', அதாவது மதமாற்றம், நடக்கிறது என்று பேச்சு முற்றியது. ஒரு புதன் நாங்கள் போனபோது பெஞ்சு இரண்டாக உடைந்து கிடந்தது. மரத்தடி முழுக்கச் சாணி. சிஸ்டர் அன்று திரும்பிவிட்டார், எனக்கு உள்ளுக்குள் நிம்மதிகூட. அடுத்த புதன் அதே பத்து மணிக்கு ஒரு கோணிப்பையோடு வந்து தரையில் விரித்து உட்கார்ந்தார். அதற்கு அடுத்த புதனும். யாரும் மனம் திரும்பி மன்னிப்புக் கேட்கவில்லை. எதிரே இருந்த டீக்கடைக்காரர் கடைசிவரை எங்களுக்குத் தனி கிளாஸில்தான் கொடுத்தார். சிஸ்டர் அதை வாங்கிக் குடித்துவிட்டு, கழுவி வைத்துவிட்டு வருவார். அப்படி ஒன்பது வருஷம்.

எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டுக்காரர், "செருப்பு தைக்கிறவனுக்குக் கொடுப்பேன், அந்தச் செருப்பு தைக்கிறவனுக்குக் கொடுக்க மாட்டேன்" என்று முன்பணத்தைத் திருப்பித் தந்தார். என் சபையில், திருவிருந்தின்போது எனக்குப் பின்னால் பாத்திரத்தில் குடிக்கச் சிலர் தயங்கினார்கள். யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை, வரிசை மட்டும் கலையும். நானே கடைசிக்குப் போய் நின்றுகொண்டேன். நான் போயிருக்கக் கூடாது. ஊழியம் என்றால் மைக் முன்னால் நடப்பது என்று எங்கள் ஆட்களே நினைக்கிறார்கள். பேசின் தண்ணீரை மாற்றுவதும் ஊழியம் என்று அந்த ஞாயிறுகளில் நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும்.

கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையார் கொலையாளிகளை மன்னித்ததை எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. அது பெரியதுதான். அவர் கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் அடக்கம் செய்துவிட்டு, 2004 வரை பாரிபதாவிலேயே இருந்து அந்தத் தொழுநோய் இல்லத்தை நடத்தியதை எத்தனை பேர் எழுதினீர்கள்? பத்மஸ்ரீ 2005இல் வந்தது. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளின் ஒவ்வொரு காலையையும் நான் நினைத்துப் பார்க்கிறேன். டாக்டர் பிராண்டின் தாயார் எவலின் அம்மாவும் அப்படித்தான். கணவர் ஜெஸ்ஸி 1929இல் கொல்லிமலையில் காய்ச்சலில் இறந்தார். பிற்காலத்தில், வயதாகிவிட்டது, மலை வேண்டாம் என்று அவரை ஊழியத்துக்கு அனுப்பிய மிஷனரி சங்கமே சொன்னது. பணி ஓய்வு பெற்றதும் சொந்தப் பொறுப்பில் மலையேறி, மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். 1974இல், 95 வயதில் இறந்து, கணவரோடு அந்த மலையிலேயே இருக்கிறார்.

ஐயா, காந்தியடிகள் நினைவு நாளான ஜனவரி 30 நம் நாட்டில் தொழுநோய் ஒழிப்பு நாளும்கூட. அன்று உங்கள் பத்திரிகையில் நான்கு வரி இடம் கேட்கிறேன். தேமல் போல் வெளிறிய அல்லது சிவந்த படை இருந்து, தொட்டால் அங்கே உணர்வில்லை என்றால், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள். மாத்திரை இலவசம், 6 மாதம் அல்லது 12 மாதம். ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகும். ஆரம்பித்த சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றாது. இந்தியாவில் இன்னும் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேருக்குப் புதிதாக இந்த நோய் கண்டுபிடிக்கப்படுகிறது. பெங்களூரில் கட்டட வேலைக்குக் கிருஷ்ணகிரி, திருவண்ணாமலையிலிருந்து வரும் நம் ஆட்கள் வேலை போய்விடும் என்று முழுக்கைச் சட்டைக்குள் மறைக்கிறார்கள். இந்த நோயைக் காட்டி விவாகரத்து கேட்க 2019க்குப் பிறகு சட்டத்தில் இடமில்லை என்பதையும் சேர்த்துப் போடுங்கள், பெண்கள் மறைப்பதற்கு அந்தப் பயம் ஒரு காரணம். இன்னொன்று, ஊழலையும் சாதியையும் 'சமூகத்தின் தொழுநோய்' என்று தலைப்பிடுவதை நிறுத்துங்கள். அதை வாசிக்கிறவர்களில் என்னிடம் அளவு கொடுத்தவர்களும் உண்டு.

தனியாகப் போகத் தயங்குகிறவர் யாராக இருந்தாலும் நான் கூட வருகிறேன். என் முகவரியை உங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். புதன்கிழமை என்றால் காலை ஏழு மணிக்கே தயாராக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற காலணித் தொழிலாளி,
லிங்கராஜபுரம், பெங்களூரு