கொலோன் மழையில் குடை பிடித்த அம்மையாருக்கு நன்றி

கடந்த அக்டோபரில் ரயில் மாறுவதற்காக ஜெர்மனியின் கொலோன் நகரில் மூன்று மணி நேரம் காத்திருக்க நேர்ந்தபோது, நிலையத்தை ஒட்டியே நிற்கும் பேராலயத்தையாவது பார்த்துவிடலாம் என்று அம்மா, மனைவி, இரண்டு வயது மகளுடன் வெளியே வந்தேன். 1248இல் தொடங்கி 1880இல்தான் கட்டி முடிக்கப்பட்ட, 157 மீட்டர் உயரமுள்ள அந்த இரட்டைக் கோபுரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழை கொட்டத் தொடங்கியது. குடைகளோ நிலையத்தில் வைத்துப் பூட்டிய பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. அங்கே வைத்த புத்திசாலி நான்தான்.

ஆலயத்துக்கு ஏறும் நனைந்த படிகளின் அடியில், முழங்கால் வலியுள்ள அம்மாவையும் குழந்தை வண்டியையும் வைத்துக்கொண்டு விழித்து நின்ற எங்களிடம், சாம்பல் நிற மழைக்கோட்டு அணிந்த முதியவர் ஒருவர் வந்து, ஒரு சொல்லும் பேசாமல் தம் குடையை அம்மாவின் தலைக்கு மேல் பிடித்து, மறு கையால் அவரைத் தாங்கி, ஒவ்வொரு படியாக மேலே அழைத்துச் சென்றார். தம்முடைய இடத்தோள் முழுவதும் நனைந்ததை அவர் பொருட்படுத்தவே இல்லை. வாசலில் தம் கைக்குட்டையால் அம்மாவின் மூக்குக் கண்ணாடியையும் துடைத்துக் கொடுத்தார். தமிழ் மட்டுமே அறிந்த அம்மா, "நல்லாயிருங்கம்மா" என்றபோது, புரிந்ததுபோலத் தலையசைத்தார்.

வண்டியைத் தூக்கிக்கொண்டு நான் மேலேறி வருவதற்குள் அவர் கூட்டத்தில் கலந்துவிட்டார். பெயர்கூடக் கேட்காமல் விட்ட அந்த அம்மையாருக்கு, அன்று நேரில் சொல்லத் தவறிய நன்றியை எங்கள் குடும்பத்தின் சார்பில் இங்கே தெரிவித்துக்கொள்கிறேன்.